தண்டர்பேர்டில் மெயில் போகவில்லையா? போர்ட்டா, ஆப் பாஸ்வேர்டா, ஓஆத்2-வா?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் டிடிபி கடைக்காரர்கள், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், யாரைக் கேட்டாலும், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைப் பார்க்க வைத்திருக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் ஒரே புகார்தான்: "மெயில் வருது, போக மாட்டேங்குது." போர்ட்டை (சர்வருடன் இணையும் வாசல் எண்) மாத்துங்க என்பார் ஒருவர், ஆப் பாஸ்வேர்ட் போடுங்க என்பார் இன்னொருவர், ஓஆத்2-தான் சரி என்று மூன்றாவது ஆள் வருவார். எது வேண்டும் என்பதைத் திரையில் வரும் பிழைச் செய்தியே சொல்லிவிடும், அதைப் படிக்காமல் ஓகே தட்டிவிடுவதால்தான் இவ்வளவு அலைச்சல்.

டைம் அவுட், சர்வருடன் இணைய முடியவில்லை என்று வந்தால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம், போர்ட்டைப் பாருங்கள். போர்ட் 465 என்றால் பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடி மாறிவிட்டால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். என் ஓட்டு 465-க்கு. இணைப்பு தொடங்கும்போதே மறையாக்கம் வந்துவிடுகிறது, 2018-ல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8314-ம் இதைத்தான் முன்னிறுத்துகிறது. கடை நெட்டில் அது போகவில்லை என்றால் 587 வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. 25 மட்டும் வேண்டாம், ஸ்பேமுக்குப் பயந்து பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன.

பிழைச் செய்தியில் 535 என்ற எண் வந்தால் கதையே வேறு, உங்கள் லாகினை சர்வர் ஏற்கவில்லை என்று அர்த்தம். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் புரோகிராம்கள் உள்ளே நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்த ஆரம்பித்தது. அப்புறம் மிச்சமிருப்பது இரண்டு வழிதான்.

ஆப் பாஸ்வேர்ட் என்பது கூகுளே தரும் 16 எழுத்து. அதற்கு முதலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்து நேரடியாக மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினுக்கும், ஓஆத் தெரியாத பழைய மென்பொருளுக்கும் இதைவிட்டால் வழியில்லை. ஆனால் கடையில் நாலு பேர் தொடும் கம்ப்யூட்டரில் அந்த 16 எழுத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கையில் கிடைத்தவர் தன் வீட்டில் உட்கார்ந்தே உங்கள் மெயிலைத் திறக்கலாம்.

ஓஆத்2-வில் எழுதி வைக்க எதுவுமே இல்லை. கூகுள் லாகின் பக்கம் தனி ஜன்னலில் திறக்கும், ஒருமுறை அனுமதி கொடுத்தால் முடிந்தது. தண்டர்பேர்டுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு சிக்கல், தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீகளை நிறுத்தியிருந்தால் அந்த ஜன்னல் வேலை செய்யாது. எந்த வழியில் போனாலும் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

சிவகாசி அச்சகத்துக்குக் காலண்டர் டிசைன் அனுப்புபவர்களுக்கு ஒன்று: அளவு அதிகம் என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். தண்டர்பேர்டில் வருவதற்கு ஒரு செட்டிங், போவதற்கு ஒரு செட்டிங். வருவதற்கான செட்டிங்கில் ஓஆத்2 மாற்றிவிட்டு, அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடப்பக்கப் பட்டியலின் அடியில் இருக்கும் எஸ்எம்டிபி (மெயில் போவதற்கான சர்வர்) பகுதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கேயும் மாற்றுங்கள், சேமித்த பாஸ்வேர்டுகளில் எஸ்எம்டிபி என்று தொடங்கும் பழைய வரியை அழியுங்கள், பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.