வயிற்றுச் சதை, சிலிக்கான், துணிப்பை: கொரோனா காலத்தில் மூன்று பெண்கள் எடுத்த மூன்று முடிவு

2020-ல் சேலத்தில் கீமோ ஏற்றிக்கொள்ள அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள் மூவர். ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகும் அக்கா, அம்மாபேட்டையில் தறி நெய்யும் அக்கா, அஸ்தம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் நான். மார்பகப் புற்றுநோயால் மூவருக்குமே ஒரு பக்க மார்பகத்தை எடுத்திருந்தார்கள். அதற்கப்புறம், எடுத்த மார்பகத்தை மறுபடி உருவாக்குவதா (புனரமைப்பு), எப்படி என்பதில் ஆளுக்கொரு வழியில் போனோம்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டு வரும் பெண்கள் இப்போதும் கடைக்கு வந்து "எதுங்க நல்லது?" என்று கேட்கிறார்கள். பார்க்க எது இயல்பாக இருக்கும் என்பதில் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும், ஆறு வாரம் வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவார்கள், நீங்கள் பிழைக்கும் தொழில் உடம்பின் எந்தத் தசையைக் கேட்கிறது என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஏற்காட்டு அக்காவுக்கு மார்பகத்தை எடுத்தது 2020 மார்ச் தொடக்கத்தில். அதே மேசையில் நெஞ்சுத் தசைக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்ற பையையும் வைத்துவிட்டார்கள். அந்தப் பைக்குள் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ ஊசி வழியாக உப்புநீரை ஏற்றுவார்கள். தோல் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து இடம் கொடுத்ததும், இன்னொரு அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டு நிரந்தர சிலிக்கான் இம்பிளாண்ட் வைப்பார்கள். வயிற்றிலோ முதுகிலோ புதுத் தழும்பு கிடையாது, ஓரிரு நாளில் வீட்டுக்கும் வந்துவிடலாம். மூன்றில் இதுதான் சுலபம் என்று நானும் அப்போது நினைத்தேன்.

மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. உப்புநீர் ஏற்ற ஒவ்வொரு முறையும் அக்கா தோட்டத்து ஜீப்பையோ தெரிந்தவர் வண்டியையோ கெஞ்சிப் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்வாராம். நடுவில் ஐந்து வாரம் போகவே முடியவில்லை. இடைவெளி விழுந்தால் பை கெட்டுவிடாது என்று டாக்டர் போனில் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது. இரண்டாவது அறுவை சிகிச்சையும் தள்ளிக்கொண்டே போனது. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தது போன்ற அந்த இறுக்கத்தோடு பத்து மாதம் இருந்தார்.

அறுவை சிகிச்சை சின்னதுதான். ஆனால் ஆஸ்பத்திரியோடு கட்டியிருக்கும் கயிறு நீளமானது. சாதாரண நாளில் இது பெரிதாகத் தெரியாது. பஸ் ஓடாத நாளில், அதுவும் மலையில் இருப்பவருக்கு, அந்தக் கயிறுதான் முழுப் பிரச்சினையும்.

இன்னும் சில விஷயங்கள். பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களின் ஊசித் துளையில் காந்தம் இருக்கும், அது உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்க முடியாது. இம்பிளாண்ட் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, பிற்பாடு மாற்ற நேரலாம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளாண்ட்களுக்கும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் ஓர் அரிய வகைக்கும் தொடர்பு தெரிந்து, 2019 ஜூலையில் அப்படிப்பட்ட ஒரு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதனால் வழவழப்பானதா என்று கேட்டு வாங்குங்கள். டிசம்பர் பனியில் உடம்பெல்லாம் கம்பளிக்குள் சூடாக இருக்க, அந்த இடம் மட்டும் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்பார் அக்கா. இது நோய் இல்லை, இம்பிளாண்டின் குணம். முன்கூட்டியே தெரிந்தால் பயம் வராது.

எனக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. கீமோவுக்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கதிர்வீச்சு பட்ட தோல் இறுகிவிடும். அதற்கடியில் இம்பிளாண்ட் வைத்தால் அதைச் சுற்றி உடம்பு கட்டும் உறை கெட்டியாகிச் சுருங்கி, உருவத்தைக் கெடுத்து வலியும் கொடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே என் சொந்தச் சதைதான் என்று முடிவானது. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, மார்பில் உள்ள ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். டீப் ஃபிளாப் என்பார்கள். பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பதால் பின்னால் வயிறு தளர்ந்து பிதுங்கும் ஆபத்து கூடுதல். இதில் தசையை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எட்டு மணி நேர அறுவை சிகிச்சை, அதற்கப்புறம் தீவிரக் கண்காணிப்புப் படுக்கை. கொரோனா நோயாளிக்கும் அதே படுக்கைதான் வேண்டும். 2020 மார்ச்சிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறுவை சிகிச்சை அமைப்புகள் புனரமைப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டன. எனக்கும் "காத்திருங்கள்" என்றார்கள். அன்றைக்கு அது மறுப்பாகவே கேட்டது, அழுதேன். ஆனால் கதிர்வீச்சு முடிந்து தோல் ஆற எப்படியும் ஆறு மாதமாவது விட வேண்டும். தள்ளிப்போட்டதால் நான் எதையும் இழக்கவில்லை.

தொற்று தணிந்திருந்த 2021 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் செய்தார்கள். ஆர்டி-பிசிஆர் எடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கூட ஒருவர் மட்டும், அவரையும் நடுவில் மாற்ற முடியாது. ஆறு நாளும் தங்கச்சிதான் இருந்தாள். முதல் ராத்திரி மணிக்கொருமுறை நர்ஸ் வந்து புதுச் சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து, டாப்ளர் கருவியை வைப்பார். உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். ரத்தக்குழாய் அடைபட்டால் உடனே திரும்பத் திறக்க வேண்டும் என்பதால் அந்தச் சத்தத்துக்காக விழித்தே கிடந்தேன்.

வீட்டில்தான் உண்மையான சோதனை. அடிவயிற்றை இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சிரிக்கும் வாய்போலத் தைத்திருந்ததால் இரண்டு வாரம் கூனிக்கொண்டுதான் நடந்தேன். படுத்தால் முழங்காலுக்கடியில் தலையணை. காயத்து நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் சேரும் நீரைத் தங்கச்சி அளந்து நோட்டில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும்தான் எடுத்தார்கள். வயிற்றுத் தையலில் ஓரிடம் விட்டுப்போனதையும் வீடியோவில் பார்த்தே கட்டுப்போடச் சொன்னார்கள். மே மாதம் மறுபடி முழு ஊரடங்கும் பயணத்துக்கு இ-பதிவும் வந்தபோது எனக்குப் போக வேண்டிய வேலையே மிச்சமில்லை. அறுவை சிகிச்சை பெரிது, கயிறு குட்டை.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. புதுச் சதையிலும் அடிவயிற்றிலும் உணர்ச்சி இருக்காது. அந்த மாதங்களில் ஊரே ஆவி பிடித்தது. நானும் போர்வைக்குள் குனிந்து பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோதுதான் மார்பில் கொப்புளம். சூடு தெரியவே இல்லை. ஆவிப் பாத்திரமோ வெந்நீர்ப் பையோ, கையால் தொட்டுப் பார்க்காமல் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'இது அழகு சிகிச்சை' என்று என் காப்பீட்டை முதலில் மறுத்தார்கள். பாலிசியில் விலக்கு எண் 08-ஐப் படியுங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய புனரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் வாங்கினேன்.

அம்மாபேட்டை அக்காவுக்கு முதுகுத் தசையை அக்குள் வழியாக முன்னால் திருப்பி வைக்கலாம் என்றார்கள். ரத்தக்குழாயை வெட்டாமலே திருப்புவதால் மைக்ரோஸ்கோப் வேண்டாம், நேரமும் பாதி, கண்காணிப்பும் குறைவு. தொற்றுக் காலத்துக்கு மருத்துவக் கணக்கில் இதுவே சிறந்தது. சமையல், துவையல், குழந்தை வளர்ப்பு என்று இருப்பவருக்கு நானும் இதைச் சொல்வேன். ஆனால் கையை மேலிருந்து கீழே இழுக்கும் பலம் அந்தத் தசையில்தான் இருக்கிறது. குழித்தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதே கயிற்றை இழுக்கும் கையால்தான். "அந்தக் கைதானுங்க சோறு போடுது" என்றார் அக்கா. டாக்டரும் வற்புறுத்தவில்லை.

அவர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் கனமில்லாமல் தோள் சாய்ந்து கழுத்து வலிப்பதாகச் சொன்னதால் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள நான் ஒரு பருத்திப் பை தைத்துக் கொடுத்தேன். கடையில் விற்கும் சிலிக்கான் வடிவம் சேலத்துச் சித்திரை வெயிலில் தோலோடு ஒட்டி வேர்க்குரு தந்தது. பருத்தி அப்படி இல்லை, ஆனால் இலேசாக இருப்பதால் மேலேறிவிடும். கீழ் மடிப்பில் கடுகு வைத்தேன், நின்றது. இது தோற்றவர் எடுக்கும் வழி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூவரில் முதலில் வேலைக்குத் திரும்பியவர் அவர்தான்.

எந்த வழியானாலும் சில விஷயங்கள் பொது. கொரோனா வந்து போயிருந்தால் அவசரமில்லாத அறுவை சிகிச்சையை ஏழு வாரமாவது தள்ளிவைக்கச் 2021-ல் சொன்னார்கள். தடுப்பூசியை மார்பகம் எடுக்காத பக்கத்துக் கையில் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அக்குளில் நெறி கட்டலாம், ஸ்கேன் எடுப்பவரிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நோய் திரும்பிவிட்டதோ என்று வீணாகப் பயப்பட நேரும்.

பையின் பின்பக்கத் தையலை நான் மூடுவதில்லை, நாலு விரல் திறந்தே விடுகிறேன். துவைக்கும்போது அக்கா கடுகைக் கொட்டி வைத்துவிட்டு, காய்ந்ததும் திரும்பப் போட்டுக்கொள்கிறார்.