என்.ஐ.ஆரா, ஏ.டி.ஆரா: உணவுக்கும் திசுவுக்கும் எந்த அகச்சிவப்புக் கருவி?

உணவையும், சீரம், திசு போன்ற உயிரியல் மாதிரிகளையும் அளக்க ஒரே ஒரு அகச்சிவப்புக் கருவிதான் வாங்க முடியும் என்ற நிலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. என்.ஐ.ஆரா (அண்மை அகச்சிவப்புக் கருவி), ஏ.டி.ஆர். (மாதிரியைப் படிகத்தின்மேல் வைத்து அளக்கும் இணைப்பு) பொருத்திய எஃப்.டி.ஐ.ஆரா (நடு அகச்சிவப்புக் கருவி) என்று அலசிவிட்டு இரண்டாவதை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாதிரி எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடமான ஸ்பெக்ட்ரத்தை இரண்டுமே ஓரிரு நிமிடங்களில் தந்துவிடும்.

என்.ஐ.ஆரின் பலம் ஊடுருவல். 780 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான இந்த ஒளி மாதிரிக்குள் சில மில்லிமீட்டர் வரை போகும். தானியத்தை அரைக்காமல் அப்படியே கொட்டி ஈரப்பதமும் புரதமும் பார்க்கலாம். ஏ.டி.ஆரில் ஒளி படிகத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மைக்ரான்தான் நுழைகிறது. படிகத்தில் ஒட்டிய துணுக்கை வைத்து மொத்த மூட்டையையும் எடைபோட முடியாது. நன்றாக அரைத்துக் கலந்து, பல தடவை வைத்து அளக்க வேண்டும். இது உண்மையான குறைதான்.

அப்புறம் ஏன் ஏ.டி.ஆர்.? ஸ்பெக்ட்ரத்தை அளவாக மாற்றித் தரும் காலிபரேஷனைப் பராமரிக்கும் பாடுதான் காரணம். என்.ஐ.ஆரில் தெரிவது பிணைப்புகளின் அடிப்படை அதிர்வுகள் அல்ல. அவற்றின் மேற்சுரங்களும் (ஏறக்குறைய மடங்கு அதிர்வெண்களில் வருபவை) கூட்டு அதிர்வுகளும். உறிஞ்சல் பட்டைகள் அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இதுதான் புரதம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் கெல்டால் (புரதத்துக்கு), சாக்ஸ்லெட் (கொழுப்புக்கு) என்ற வேதியியல் முறைகளில் அளந்த மதிப்புகளோடு ஸ்பெக்ட்ரத்தைப் பொருத்தி பி.எல்.எஸ். என்ற புள்ளியியல் மாடல் கட்டுகிறோம். கட்டியதோடு வேலை முடியாது. புது அறுவடை, புது ரகம், அரைத்த பொடியின் பருமன், மாதிரியின் வெப்பநிலை, விளக்கு மாற்றம் என எது மாறினாலும் மாடல் விலகலாம். கருவி அப்போதும் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சரிபார்க்க, கெல்டால் போன்ற முறைகளைச் செய்யும் ஈர வேதியியல் மேசை என்றைக்கும் தயாராக இருக்க வேண்டும். வாரத்துக்கொரு புது மாதிரி வரும் ஆய்வகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

ஏ.டி.ஆர். கருவி அளக்கும் நடு அகச்சிவப்பில் வைரப் படிகத்தின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே, 1745 செ.மீ⁻¹ (இங்கே ஒளியைக் குறிக்கும் அலகு) இடத்தில் கொழுப்பிலுள்ள எஸ்டரின் கார்பனைல் பட்டை கூர்மையாக எழுந்து நிற்கும். டிரான்ஸ் கொழுப்பு இருந்தால் 966-இல் தனிக் கூம்பு தெரியும். அளவு சொல்ல இங்கேயும் காலிபரேஷன் தேவைதான். ஆனால் முடிவு தவறினால் எந்தப் பட்டையில் கோளாறு என்று கண்ணால் தேட முடிகிறது.

நீர்தான் இதன் எதிரி. நீரின் வளைவதிர்வு 1640 அருகே வருவதால், 1650 அருகே இருக்கும் புரதத்தின் முக்கியப் பட்டையான அமைடு-1 அதில் மூழ்கிப்போகும். சீரத்தைப் படிகத்திலேயே உலரவிட்டு அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்தால், 3300 பக்கமுள்ள நீரின் பெரிய மேடு வற்ற வற்ற புரதத்தின் 1650, 1550 பட்டைகள் தெளிந்து வருவதைப் பார்க்கலாம். துளி ஓரங்களில் தடித்து உலரும் என்பதால், பட்டைகளின் விகிதத்தைத்தான் நம்ப வேண்டும், உயரத்தை அல்ல. உலர்த்தவே கூடாத பச்சைத் திசுவில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே என் சிபாரிசைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.டி.ஆருக்கும் பராமரிப்பு உண்டு. கருவிக்குள் இருக்கும் கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) ஒளிபிரிப்பான் ஈரத்தில் கெட்டுவிடும். உலர்த்திப் பொடியை நேரத்துக்கு மாற்ற வேண்டும். துத்தநாக செலினைடு படிகம் மலிவு, ஆனால் பி.எச். 5-க்குக் கீழே அரிபடும். பழச்சாறும் வினிகரும் அளப்பவர்கள் பணம் கூடினாலும் வைரத்தையே வாங்குங்கள். வைரம் தானே உறிஞ்சும் 2000 செ.மீ⁻¹ வட்டாரத்தில் இரைச்சல் கூடும், ஆனால் உணவு வேதியியலுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரே பொருளை நாள் முழுக்க அளக்கும் ஆலைக்கு மட்டும் என் பதில் வேறு. அங்கே ஒரு மாடலைக் கட்டிக் காப்பாற்றும் செலவு எளிதில் ஈடாகும்; என்.ஐ.ஆரே எடுக்கலாம்.