ஃபயர் டிசைன்னு சொல்லி காப்பி அடிச்ச டிராயிங்க தலையில கட்டுறாங்க, உஷார்

கும்பகோணம் மன்னார்குடி பக்கம் மண்டபம், லாட்ஜ் கட்டுறவங்க இருந்தா இத முழுசா படிங்க. நானும் அண்ணனும் சேர்ந்து நீடாமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டுனோம். 2004 ஜனவரில ஸ்ரீரங்கம் மண்டபத்துல தீப்பிடிச்சு மாப்பிள்ளையே போயிட்டாரு, அதே வருஷம் ஜூலைல கும்பகோணத்துல 94 புள்ளைங்க, இதெல்லாம் பாத்த ஊர்க்காரங்க நாம, அதனால ஃபயர் சேஃப்டி வேலைல மட்டும் காசு பாக்க வேணாம்னு ஒரு கன்சல்டன்ட்ட புடிச்சோம். அவரு டிசைன் பத்தி பேசவே இல்ல, எப்ப கேட்டாலும் "என்ஓசி என் பொறுப்பு சார்"னு, அதான் தீயணைப்பு துறை குடுக்குற அனுமதி சர்டிபிகேட், அத மட்டும் தான் சொல்வாரு. மெட்டீரியலோட 9 லட்சம், 70 பர்சன்ட் அட்வான்ஸ்.

மொத முகூர்த்தத்துக்கு முத நாள் ராத்திரி, அடுப்புக்கு நேர் மேல இருந்த ஸ்பிரிங்க்ளர் (சூடு ஏறுனா தானா தண்ணி கொட்டுற கருவி) பட்டுனு வெடிச்சு தண்ணி கொட்டுது. தீயும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு அண்டா சாம்பார் போச்சு, பக்கத்துலயே கொதிக்கிற எண்ண சட்டி, அதுல தண்ணி விழுந்திருந்தா மாஸ்டர் கதி என்னாயிருக்கும், நெனச்சாலே கை நடுங்குது.

அப்பறம் தெரிஞ்ச ரிட்டயர்டு ஃபயர் ஆபீசர் ஐயா வந்து பாத்தாரு. ஸ்பிரிங்க்ளர்ல தண்ணிய அடைச்சு வச்சிருக்குற குட்டி கண்ணாடி பல்பு செவப்புன்னா 68 டிகிரிலயே வெடிச்சிரும், அடுப்பு சூட்டுக்கு 93 டிகிரி பச்ச பல்பு போட்டிருக்கணுமாம். சரி கவனக்குறைவுன்னு வச்சுக்கலாம், மேல் மாடி ஹைட்ரன்ட்ல (தீயணைக்குற ஹோஸ் மாட்டுற குழாய்) பிரஷர் கேஜ் வச்சா 1.2 பார் காட்டுது, குறைஞ்சது 3.5 வரணும். தொட்டி பூமிக்குள்ள, பம்பு மேல, பைப்புல தண்ணி எறங்காம பிடிச்சு வைக்கிற ஃபுட் வால்வு வேற லீக்கு, தீப்பிடிச்சா மொதல்ல பம்புக்கு வாளில தண்ணி ஊத்திட்டு நிக்கணும். கரண்ட் போனா ஓட்ட டீசல் பம்பே கெடையாது, கஜா புயலுக்கு எத்தன நாள் கரண்ட் இல்லாம கெடந்த ஊரு இது!

"ஹைட்ராலிக் கால்குலேஷன் எங்க தம்பி"ன்னாரு, நாங்க முழிச்சோம். பைப் எத்தன இஞ்சு, ஒவ்வொரு பெண்டுலயும் எவ்ளோ பிரஷர் போகும், பம்பு எவ்ளோ பெருசு எல்லாம் அதுலேர்ந்து தான் வருமாம். அப்பறம் கண்ணாடிய மாட்டிட்டு டிராயிங்க பாத்தவரு சிரிச்சிட்டாரு. மூலைல பொடி எழுத்துல "டிரையல் ரூம்"னு இருக்கு. மண்டபத்துல ஏதுங்க டிரையல் ரூம், ஏதோ ஜவுளிக்கடை டிராயிங்ல எங்க பேர ஒட்டியிருக்கான்.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி கால்குலேஷன் ஷீட்ட கேட்டு வாங்கி வேற ஆள்ட்ட காட்டுங்க, டெஸ்டிங் அன்னிக்கு உச்சி மாடில நீங்களே நின்னு கேஜ பாருங்க. அந்த கன்சல்டன்ட்டுக்கு நேத்தும் போன் போட்டேன், பாக்கி 30 பர்சன்ட் எப்ப தருவீங்கன்னு கேக்குறாரு.