வசம்பு என்று விற்கப்படும் சம்பு நாற்று: தோட்டக் குளம் வைத்திருப்போர் கவனத்துக்கு

வீட்டுத் தோட்டத்துச் சிறு குளத்தின் ஓரத்தில் நடுவதற்கு வசம்பு நாற்று வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இணையவழியில் நீர்த்தாவரங்கள் விற்கும் நாற்றுப்பண்ணை ஒன்று, வசம்பு என்று சொல்லி எனக்குச் சம்பு நாற்றுகளை அனுப்பிவிட்டது. ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் அடர்ந்து நிற்கும் அதே சம்புதான். நம் மண்ணுக்குரிய செடி என்பதாலும், நீர்ப்பறவைகளுக்கு மறைவிடம் தந்து கழிவுநீரிலுள்ள சத்துகளை உறிஞ்சிக்கொள்வதாலும் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நீர் நிறுத்திய சிறு குளத்துக்கு அது சற்றும் ஏற்றதன்று.

இலைகளை அடியோடு நறுக்கி, வேர்ப்பகுதியை ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த நிலையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. செடி ஆளுயரத்தைத் தாண்டிப் பழுப்புக் கதிரும் தள்ளியபோது உண்மை வெளிப்பட்டது. அதற்குள், சேற்றில் கிடையாக ஓடிய தண்டுக்கிழங்குகளின் கூர்முனைகள் விரிப்பைத் துளைத்திருந்தன. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று. நிழல் கவிந்ததால் அல்லி பூப்பதை நிறுத்திவிட்டது.

படங்களுடன் முறையிட்டபோது, "தண்ணீர்ச் செடி என்றால் பரவத்தான் சார் செய்யும்" என்றார்கள். கதிரின் படத்தை அனுப்பியபின் பதிலே இல்லை. நாற்றின் விலையைவிட, குளத்தை வடித்து விரிப்பை மாற்றிய செலவு பல மடங்கு அதிகம்.

எனவே, இலை நறுக்கப்படாத நாற்றையே கேளுங்கள். வசம்பின் இலையைக் கசக்கினாலும் கிழங்கைக் கீறினாலும், பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லோரும் அறிந்த அந்தக் காரமான மணம் உடனே எழும். இலையின் நீளவாக்கில் நடுநரம்பு புடைத்துத் தெரியும். சம்பு இலையில் அந்த மணமும் இல்லை, நடுநரம்பும் இல்லை. குறுக்கே வெட்டினால் உள்ளே காற்றறைகள் நிறைந்து பஞ்சுபோல இருக்கும்.

ஏற்கெனவே சம்பு வேரூன்றிவிட்டதென்றால், கதிர் முற்றிப் பஞ்சாக வெடிக்கும் முன்பே அதை வெட்டிவிடுங்கள். ஒரே கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும், அவை காற்றில் வெகுதூரம் போகும். கிழங்குக்கு வேண்டிய காற்று இலை வழியாகவே இறங்குவதால், தண்டுகளை நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, வெட்டுவாய் தொடர்ந்து மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். விரிப்பிட்ட குளத்தில் கடப்பாரை கொண்டு தோண்ட வேண்டாம். பிடுங்கிய கிழங்கை வாய்க்காலில் வீசவும் வேண்டாம். சிறு துண்டும் அங்கே துளிர்த்துவிடும்.

விளம்பரப் படம், ரசீது, உரையாடல் மூன்றையும் சேமித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். நானும் புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பண்ணையின் விளம்பரம், உண்மையான வசம்பின் படத்துடன், இன்னும் நீக்கப்படவில்லை.