பனாமா கால்வாய் க்ரூஸ்: முழுசா, பாதியா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

பனாமா கால்வாய்க் கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கால்வாயைக் கடப்பது வேறு, கால்வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவது வேறு. எங்களுக்கு முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்றார்கள்.

ஏஜென்ட் அனுப்பிய விளம்பரத்தில் "அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கப்பல் கிளம்புவதும் வந்து சேர்வதும் ஃப்ளோரிடாவில் ஒரே துறைமுகமாக இருக்கவே, "நிஜமாகவே பசிபிக் வரை போகுமா?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "முழுக் கால்வாயும் உண்டு சார், கவலையே படாதீங்க" என்று பதில் வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நடந்தது என்ன? காலையில் அட்லாண்டிக் முனையில் இருக்கும் கொலோன் பக்கமாக உள்ளே நுழைந்தோம். லாக் என்கிற மதகுத் தொட்டிகளில் மூன்று கட்டமாக ஏற்றி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் கட்டூன் ஏரியில் கப்பலைக் கொண்டுபோய் விட்டார்கள். கப்பலைத் தூக்க பம்ப் கிடையாது. மேலே இருக்கும் ஏரித் தண்ணீரைத் தொட்டிக்குள் திறந்துவிடுகிறார்கள், கப்பல் தானாக மேலே வருகிறது. 1914-லிருந்து இதே முறைதான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கண்கொள்ளாக் காட்சி.

ஏரியில் நங்கூரம் போட்டு, தனியாகக் காசு கட்டியவர்களை மட்டும் படகில் இறக்கினார்கள். பிறகு கப்பல் திரும்பி அதே படிகளில் இறங்கிவிட்டது! மலையை வெட்டி வழி செய்த குலேப்ரா கட், பசிபிக் பக்கத்து லாக்குகளான பெட்ரோ மிகேல், மிராஃப்ளோரஸ் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பசிபிக்கை நினைத்துக்கொண்டதோடு சரி. அந்தப் பகுதியைச் சிறு படகில் கடக்கும் டூருக்கு இடம் கேட்டால், எல்லாம் நிரம்பிவிட்டதாம். "இது பார்ஷியல் டிரான்சிட்தானே, அதாவது பாதிப் பயணம், எங்கள் தகவலில் முதலிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது" என்றார் கப்பல் கவுன்ட்டரில் இருந்த பெண். காட்டினார், இருந்தது. ஏஜென்ட் தன் விளம்பரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நைசாக எடுத்திருக்கிறார்.

அடுத்தது "கால்வாய்க் காட்சி அறை" என்று கூடுதலாக வாங்கியது. கீழ்த்தளத்து ஜன்னல். பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர், அதற்குள் 32.3 மீட்டர் அகலக் கப்பல் வரை விடுவார்கள். பக்கத்துக்கு முழங்கை நீள இடைவெளிதான். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் பாசி பிடித்த ஈரக் கான்கிரீட், அதில் வழியும் தண்ணீர், அவ்வளவுதான் காட்சி. கப்பலைக் கம்பிவடம் கட்டி நடுவில் பிடித்துக்கொண்டு வரும் மியூல் இஞ்சின்களைப் பார்க்க எல்லோரும் மேல்தள முன்பக்கத்தில் நின்றார்கள். அங்கே நிற்பதற்குக் காசே கிடையாது.

கட்டுவதற்கு முன் துறைமுகப் பட்டியலைப் பாருங்கள். ஒரு முனை ஃப்ளோரிடா, மறுமுனை லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று இருந்தால் முழுப் பயணம். இரண்டு முனையும் அட்லாண்டிக் பக்கமே என்றால் பெரும்பாலும் பாதிதான். பெரிய கப்பல்கள் 2016-ல் திறந்த புதிய லாக்குகளில் போகும். அங்கே மியூல் கிடையாது, இழுவைப் படகுகள்தான். அதனால் பசிபிக் பக்கம் பழைய மிராஃப்ளோரஸ் லாக்கா, புதிய கொகொலி லாக்கா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். பாதிப் பயணமே போதும் என்றால் தப்பில்லை, ஆனால் அந்தப் படகு டூரை டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜென்ட் சொன்னது: "கால்வாய்க்குள்ளே போனீங்கதானே சார்?" கார்டில் கட்டியிருந்ததால், வாட்ஸப் பதிலையும் விளம்பரத்தையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது.