11 மணி மாத்திரை

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம் கோபிக்குப் பக்கம். அப்பாவுக்கு 74 வயது. பார்க்கின்சன் வந்து ஆறு வருடமாகிறது. ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். மெல்பர்னிலிருந்து ஐந்து வார விடுப்பில் போனேன். கோயில், கல்யாணம் எதையும் இந்த முறை வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அங்கே என்ன உதவி கிடைக்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். சத்தி ரோட்டில் அன்னூர் வழியாக இரண்டரை மணி நேரப் பயணம், அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு. டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார், அரை மாத்திரை கூட்டி எழுதினார். ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது சாப்பிடுவது, எப்படி நடப்பது, இரவில் படுக்கையில் புரள முடியாதவரை அம்மா எப்படித் திருப்பிவிடுவது, இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆறு வருடமாகவே சொல்லவில்லை என்று அம்மா வண்டியில் வரும்போது சொன்னார்.

சொன்னவர் வீடு தேடி வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். அதில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் மகளிர் குழு அக்கா அம்மாவுக்கு நல்ல பழக்கம். பிசியோதெரபியும் அதே திட்டத்தில் உண்டு என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. கேட்டோம், ஒரு இளம்பெண் வந்தார்.

அவர் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. "மத்தியானம் என்னங்கம்மா சாப்பாடு?" என்றார். அரிசியும் பருப்பும் சாதம், தயிர் என்றார் அம்மா. "மாத்திரை?" "சாப்பிட்ட கையோட குடுத்துருவனுங்க."

அங்கேதான் சிக்கல். அந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் பாதையில்தான் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் போகின்றன. பருப்பும் தயிரும் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டால் மருந்து பின்தங்கிவிடும். அப்பா மதியம் முழுக்கக் கட்டைபோல் உட்கார்ந்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள் என்றார். போனில் கேட்டோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள், குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும் என்றார் அவர். 12 மணி மாத்திரை 11 மணிக்கு வந்தது. நான்காம் நாள் மூன்று மணிக்கு அப்பா தானே எழுந்து தொண்டுபட்டிக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் எல்லோருக்கும் பருப்புச் சாதம் பழையபடியே நடக்கிறது, நேரம் மட்டும்தான் மாறியது.

அடுத்தது நிலவு, அதாவது வாசல் நிலை. வாசற்படிக்கு வந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் இருந்து யாராவது "நடங்க நடங்க" என்பார்கள், அவர் இன்னும் இறுகிவிடுவார். அந்தப் பெண் தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு, "கோட்டைத் தாண்டுங்கய்யா" என்றார். தாண்டினார். யோசிக்காமல் நடக்கவைக்கும் உள்தாளம் இந்த நோயில் தளர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கொடுத்தால் மூளை வேறு வழியில் காலை எடுத்துவைக்கிறது. மாரியம்மன் கோயில் முன்னால் மாலையில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கும். தம்பி மகன் அதைப் போனில் பதிந்துகொண்டு வந்தான். அந்தத் தாளத்துக்கு அப்பா களத்தில் இரண்டு சுற்று நடப்பதைப் பார்த்து அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டத்துப் பெண்ணுக்குப் பல ஊர்கள். அதனால் வாரம் இரண்டு நாள் கோபியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்தோம், ஒரு முறைக்கு 500 ரூபாய். பேச்சுப் பயிற்சிக்குத்தான் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. கோவையிலிருந்து ஒருவர் வீடியோவில் நடத்துகிறார். அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகியிருந்தது. கவுந்தப்பாடி வெல்லச் சந்தையில் வண்டிக்காரரைக் கூப்பிட்ட குரலில் பேசுங்கள் என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

அந்தக் கோபிக்காரர் தன் கிளினிக்கில் மாதம் ஒரு ஞாயிறு எட்டுப் பேரைக் கூட்டுகிறார். பார்க்கின்சன் நான்கு பேர், பக்கவாதம் மூவர், எம்.எஸ். என்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நரம்பு நோய் இருக்கும் ஒரு இளம்பெண். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பந்து பிடிப்பது, அப்புறம் டீ. நம்பியூர்ப் பக்கமிருந்து வந்த ஆத்தா ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து, "எனக்கு மட்டுந்தான் இப்புடின்னு நெனச்சிருந்தனுங்க" என்றார். அப்பா அவருக்குக் கோடு போடும் விஷயத்தைச் சத்தமாக விளக்கினார்.

அங்கேதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் எம்.எஸ்.ஸும் இருப்பது தெரிந்தது. பாதிப்பின் அளவைப் பொறுத்து மாநில அரசு மாதம் 2000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்க அப்பாவுக்கு மனமில்லை. "நான் நடக்கறேனல்ல கண்ணு" என்றார். வற்புறுத்தவில்லை. அவருக்குத் தோன்றும்போது விண்ணப்பிக்கலாம் என்று காகிதங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவைப் பற்றித்தான் கவலை. இரவில் மூன்று தடவை எழுகிறார், இடுப்பு வலி. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தை நோம்பி முடிந்த ஞாயிறு. அன்றைக்கு மாட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.