ஆமையை எங்கே தூங்க வைப்பது: மண்ணா, பெட்டியா, ஃபிரிட்ஜா?

சில ஆமைகள் குளிர்காலத்தில் சாப்பிடாமல் வாரக்கணக்கில் தூங்கும். அந்தக் காலம் நெருங்கினால் ஆமை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு குளிர் தாங்கும்?" என்றுதான். அந்தக் குளிர் மாறாமல் நிற்குமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தூங்கும் ஆமைக்கு 5 டிகிரி செல்சியஸ் போதும். 3-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் பயமில்லை. 0-க்குக் கீழே இறங்கினால் கண் உறைந்து பார்வை போகும், உயிரும் போகலாம். 10-ஐத் தாண்டினால் அரைத் தூக்கத்தில் அசைய ஆரம்பித்து, உடம்பில் சேர்த்து வைத்ததை எல்லாம் கரைத்துவிடும்.

எல்லா ஆமையும் தூங்காது. ஹெர்மன் ஆமை, ரஷ்ய ஆமை, கிரேக்க ஆமைகளில் பல தூங்கும். நட்சத்திர ஆமை, சுல்கட்டா, சிறுத்தை ஆமை, செங்கால் ஆமை ஆகியவை தூங்காதவை. இனம் உறுதியாகத் தெரியவில்லை என்றால் தூங்க வைக்கவே கூடாது.

தோட்ட மண்ணில் தானே தோண்டிப் புதைந்துகொள்ள விடுவது பழைய வழி. இயற்கையானது என்பார்கள். ஆனால் மழைநீர் தேங்கினாலோ, எலி வந்தாலோ, பனி ஆழமாக இறங்கினாலோ நமக்குத் தெரியப்போவதில்லை. எடை பார்க்கவும் முடியாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பெட்டி முறை பரவாயில்லை. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, இடைவெளியில் கிழித்த காகிதம், காற்றுத் துளைகள், எலி நுழையாத மூடி. இதைச் சூடேற்றாத அறையில் வைக்கிறார்கள். இங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. காகிதத்தை நிறைய அடைத்தால் ஆமை கதகதப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். நாம் போர்வைக்குள் சூடாவது நம் உடம்புச் சூட்டால். ஆமையிடம் அந்தச் சூடு கிடையாது. காகிதம் மாற்றத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கடுங்குளிர் நாலு நாள் நீடித்தால் அது உள்ளேயும் வந்துவிடும். நடுவில் வெயில் அடித்தால் அந்தச் சூடும் அப்படியே. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஃபிரிட்ஜ் என்றதும் மனசு பதறும். உயிருள்ள ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதா? ஆனாலும் என் தேர்வு இதுதான். வெளியே வானிலை என்ன ஆனாலும் உள்ளே 5 டிகிரி நிற்கும். ஃப்ரீசர் இல்லாத தனி ஃபிரிட்ஜாக இருக்கட்டும். ஆமையை வைப்பதற்கு முன்பே சில வாரம் வெறுமனே ஓட்டி, வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் ஏற்ற இறக்கம் குறையும். தினமும் ஒரு முறை கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் வீட்டில் மட்டும் இந்த முறையை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, தூங்கவே விடாமல் வைத்திருப்பது. நோயுற்றதற்கும் எடை குறைந்ததற்கும் அதுதான் சரி. ஆனால் விளக்குச் சூடு, புற ஊதா ஒளி, தீனி எல்லாம் முழுதாகக் கொடுக்க வேண்டும். குளிர்ந்த அறையில் ஒரு மூலையில் விட்டுவைத்தால் சாப்பிடவும் செய்யாது, தூங்கவும் செய்யாது. எல்லாவற்றிலும் மோசமானது அந்த நிலைதான்.

தூங்க வைப்பதென்றால், எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முன்வேலை ஒன்றே. முதலில் விலங்கு மருத்துவரிடம் பரிசோதனை. அப்புறம் உருவத்தைப் பொறுத்து 2 முதல் 4 வாரம் தீனி நிறுத்தம், ஏனென்றால் குடலில் மிச்சம் இருந்தால் குளிரில் செரிக்காமல் அழுகும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் தாடை நனையும் அளவுக்குத் தினமும் உட்கார வைத்தால் நன்றாகக் குடிக்கும். சூட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தூங்கும்போது வாரம் ஒரு முறை தராசில் வையுங்கள். காலை மெல்லத் தொட்டால் மிக நிதானமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. மொத்தத்தில் 10 சதவீதம் எடை குறைந்தாலோ, பெட்டியில் சிறுநீர் ஈரம் தெரிந்தாலோ அன்றே எழுப்பிவிடுங்கள். சிறுநீர்ப்பையில் சேமித்திருக்கும் நீர்தான் தூக்கம் முடியும்வரை அதற்குக் கையிருப்பு. அது போய்விட்டது என்று அர்த்தம்.